அக்கிலிஸ் மாண்டது குதிகாலாலா?

உலக இலக்கியங்கள் போற்றும் வீரர் பலர். அவருள் அக்கிலிஸைப் போலத் தன் உடம்பின் ஓர் உறுப்பால் பெயர் விளங்கப் பெற்றவர் பிறர் இலர் எனலாம். ஹோமரின் இலியட்டை ஒரு பக்கமேனும் புரட்டாதவர்கூட 'அக்கிலிஸின் குதிகால்' என்னும் தொடரை அறிவர். வலிமை மிக்க ஒருவரிடத்தில் மறைந்து கிடக்கும் சிறு குறையைச் சுட்டுதற்கு மேடையிலும் ஏட்டிலும் அத்தொடர் ஆளப்படுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாணுக்கும் மருத்துவ உலகம் அவன் பெயரையே இட்டுள்ளது. பிலிப் வெர்ஹெயன் என்னும் உடற்கூற்று அறிஞர் 1693இல் வெளியிட்ட நூலிலேயே அப்பெயர் இடம்பெற்றுவிட்டது.

அவ்வீரன் எங்ஙனம் இறந்தான் என்று வகுப்பறையில் வினவினால் பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும். கடல் தெய்வமாகிய அன்னை தீட்டிஸ், குழந்தை அக்கிலிஸைப் பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் தோய்த்தாள். நீர் பட்ட உடம்பை எப்படையும் துளைக்காதாயிற்று. அவள் பற்றியிருந்த குதிகாலில் மட்டும் நீர் படவில்லை. பின்னாளில் டிராய் நகரத்து இளவரசன் பாரிஸ் எய்த அம்பு அவ்விடத்தில் தைக்க, அவன் மாண்டான். இதுவே அவ்விடை.

கதை சுவையானது, குழந்தைகளுக்குச் சொல்லத் தக்கது. ஆயினும் அது ஹோமர் பாடிய கதை அன்று. அம்மட்டோ! ஹோமர் அவ்வீரனின் சாவில் வைத்த பெரும்பொருளை அச்சிறு கதை நம் கண்ணினின்று மறைத்துவிட்டது என்பதே எம் கருத்து. இலக்கியம் பயிலும் மாணவர் முன்னும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் முன்னும், இளைஞருக்கு நல்வழி காட்டும் பெரியோர் முன்னும் அக்கருத்தைச் சான்றுகளோடு வைக்க விழைகிறோம்.

ஹோமர் அறியாத குதிகால்

இலியட் 24 பகுதிகளைக் கொண்டது. 15,000க்கும் மேற்பட்ட அடிகளால் ஆனது. அதனுள் எவ்விடத்திலும் ஸ்டிக்ஸ் ஆற்றில் தோய்த்த செய்தி இல்லை; படை துளைக்காத உடம்பு என்னும் பேச்சும் இல்லை. மறுதலையான சான்றுகளே உள்ளன. 21ஆம் பகுதியில் அஸ்டெரோபயஸ் என்பவன் இரு கையாலும் ஒருங்கே இரண்டு ஈட்டிகளை எறிகிறான். ஒன்று அக்கிலிஸின் கேடயத்தில் படுகிறது. மற்றொன்று வலக்கையைக் கீறிக் குருதி வரச் செய்கிறது. துளைக்க இயலாத உடம்பில் குருதி வருவது எப்படி?

இரண்டாவது சான்று இன்னும் வலியது. அக்கிலிஸின் உயிர்த்தோழன் பாட்ரோகுலஸ், அவனுடைய கவசத்தைப் பூண்டு போருக்குச் சென்று ஹெக்டரால் கொல்லப்படுகிறான். கவசம் பகைவன் கைப்படுகிறது. பழிவாங்கத் துடிக்கும் அக்கிலிஸ் உடனே களம் புக முடியவில்லை; உடம்பைக் காக்கக் கவசம் இல்லை. அன்னை, கொல்லர் தெய்வமாகிய ஹெபஸ்டஸிடம் சென்று புதிய கவசமும் கேடயமும் வேண்டுகிறாள். அவற்றைச் செய்து தர இசையும் அத்தெய்வம், கொடிய சாவினின்று அவனை ஒளித்து வைக்கும் ஆற்றல் தனக்கு இல்லையே என்று வருந்துகிறது. மந்திர உடம்பு படைத்தவனுக்குக் கவசம் எதற்கு? தெய்வத்துக்கு வருத்தம் எதற்கு?

ஸ்டிக்ஸ் ஆற்றுக் கதை, இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள், கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த உரோமக் கவிஞர் ஸ்டேஷியஸ் இலத்தீனில் பாடி முற்றுப்பெறாது விட்ட காப்பியத்திலேயே முதலில் காணப்படுகிறது. ஹோமருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் உள்ளன. தீட்டிஸ் தன் மகனை இரவில் நெருப்பிலிட்டு மானிடத் தன்மையைச் சுட்டெரிக்க முயன்றாள் என்றும், தந்தை பெலியஸ் கண்டு பதறித் தடுத்தார் என்றும் கூறும் வேறொரு கதை, கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அப்பல்லோனியஸ் நூலில் உண்டு. இக்கதையிலும் அன்னையின் முயற்சி நிறைவேறவில்லை என்பதைக் கருதுக.

காலில் அம்பு தைத்தது என்னும் செய்தி மட்டும் பழமையானதே. கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சாடி ஓவியம் ஒன்றில் வீழ்ந்து கிடக்கும் அக்கிலிஸின் கணுக்காலை அம்பு துளைத்திருந்தது. ஆனால் அவ்வோவியத்தில் உடம்பிலும் ஓர் அம்பு தைத்திருந்தது. ஓவியன் அறிந்த அக்கிலிஸும் நம்மைப் போன்ற உடம்பினனே.

மறைவிடக் கதைகள் தரும் ஆறுதல்

பிற்காலத்தார் இக்கதையை ஏன் விரும்பினர்? இத்தகைய கதை கிரேக்கர்க்கு மட்டும் உரியதன்று. 1010இல் ஃபிர்தௌசி பாடி முடித்த ஷாநாமாவில் இஸ்ஃபந்தியார் எப்படைக்கும் அஞ்சாதவன்; ருஸ்தம் எய்த அம்பு அவன் கண்களில் பாய்ந்து உயிரைக் கொள்கிறது. ஜெர்மானியக் காப்பிய வீரன் சீக்ஃபிரீட் பாம்புக் குருதியில் குளித்து உடம்பை உரமாக்கிக் கொண்டவன்; தோள்களின் நடுவே ஓர் இலை ஒட்டியிருந்த இடமே அவனுக்கு எமனாகிறது. துரியோதனனின் தொடையைப் பற்றி நம் நாட்டார் வழக்கிலும் இத்தகைய கதை உண்டு.

மிக உயர்ந்தவனுக்கும் ஒரு குறை உண்டு என்று கேட்பதில் எளியோர்க்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயின் அவ்வாறுதலுக்குக் கொடுக்கும் விலை பெரிது. உடம்பைப் படை துளைக்காது என்று அறிந்தவன் களத்தில் முன்னிற்பது வீரமாகுமா? மழையில் நனையாத கல்லை யாரேனும் பொறுமைசாலி என்பரோ? குதிகால் கதையை ஏற்றால், அக்கிலிஸின் வாழ்வு மந்திரத்தின் விளைவாகிறது. அவன் சாவோ ஒரு தாயின் கைப்பிழையால் நேர்ந்த விபத்தாகிறது. எவனும் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. எவனும் எதற்கும் பொறுப்பில்லை.

அறிந்தே ஏற்ற சாவு

ஹோமர் காட்டும் அக்கிலிஸோ தேர்ந்தெடுத்தவன். அகமெம்னன் தன்னை இழிவுபடுத்தினான் என்று சினந்து போரினின்று விலகியிருக்கும் அவனிடம் ஒடிசியஸ், பீனிக்ஸ், அஜாக்ஸ் ஆகியோர் தூது வருகின்றனர். 9ஆம் பகுதியில் உள்ள அந்நிகழ்ச்சியில் அவன் தன் அன்னை உரைத்த இரு விதிகளைக் கூறுகிறான். டிராயில் நின்று பொருதால் ஊர் திரும்புதல் இல்லை. அழியாப் புகழ் உண்டு. ஊர் திரும்பினால் புகழ் இல்லை, நெடுவாழ்வு உண்டு. கொள்ளையிட்ட ஆடு மாடுகளை மீண்டும் பெறலாம். பல்வரிசையைக் கடந்து வெளியேறிய உயிரை மீட்டல் இயலாது என்னும் கருத்தையும் அவன் அங்கே மொழிகிறான். மாவீரன் என்று பெயர் பெற்றவன் உயிரின் அருமையை இவ்வளவு தெளிவாகச் சொன்னதைக் கேட்டுத் தூதுவர் வாயடைத்துப் போகின்றனர்.

பாட்ரோகுலஸ் இறந்ததும் நிலை மாறுகிறது. ஹெக்டரைக் கொன்றால் அடுத்துத் தன் மகன் சாவு உறுதி என்று அழுது உரைக்கிறாள் தீட்டிஸ். தோழன் இடர்ப்பட்டபோது உதவாதவனாய் மண்ணுக்குச் சுமையாய் இருந்தேனே, இனி உடனே சாவதே நன்று என்கிறான் மகன். இங்கே அவனைச் செலுத்துவது புகழ் வேட்கை மட்டும் அன்று. தன் சினத்தால் தோழனை இழந்தோம் என்னும் குற்ற உணர்வும் ஆகும். இவ்வேறுபாட்டை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும்.

அதன்பின் காப்பியம் முழுவதும் அவன் சாவு முன்னறிவிக்கப்பட்டுக் கொண்டே வருகிறது. அவனுடைய குதிரை வாய் திறந்து பேசி, ஒரு தெய்வமும் ஒரு மனிதனும் சேர்ந்து அவனை வீழ்த்துவர் என்கிறது. உயிர் போகும் வேளையில் ஹெக்டர், பாரிஸும் அப்பல்லோவும் டிராய் நகரின் ஸ்கயன் வாயிலில் அவனை மாய்ப்பர் என்கிறான். உயிர்ப்பிச்சை வேண்டிக் காலைப் பற்றும் லைகயான் என்னும் இளைஞனிடம் அக்கிலிஸே, தானும் ஒரு காலையிலோ மாலையிலோ நண்பகலிலோ ஈட்டிக்கோ அம்புக்கோ இரையாகத்தான் போவதாகக் கூறி, அவனைக் கொல்கிறான். தன் சாவை அறிந்தவன் பிறர் உயிர்க்கு இரங்கவில்லை. அவ்விடத்தில் அவன் அறிவு முற்றுப்பெறவில்லை என்பதே எம் கருத்து. அது முற்றுப்பெறும் இடம் வேறு.

பகைவன் கூடாரத்தில் ஒரு முதியவர்

இலியட் அக்கிலிஸின் சாவைப் பாடவில்லை! இது பலருக்கு வியப்பளிக்கும். அதனை விரித்துப் பாடிய 'ஏத்தியோபிஸ்' என்னும் காப்பியம் அழிந்தது. அதன் சுருக்கம் மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளது. பாரிஸும் அப்பல்லோவும் அவனை வீழ்த்தினர் என்றும், அஜாக்ஸ் உடலைச் சுமந்து வர ஒடிசியஸ் பகைவரைத் தடுத்து நின்றான் என்றும் அச்சுருக்கம் கூறுகிறது. பதினேழு நாள் புலம்பிப் பதினெட்டாம் நாள் எரியூட்டினர் என்றும், எலும்புகளைப் பாட்ரோகுலஸின் எலும்புகளோடு சேர்த்துப் பொற்கலத்தில் வைத்து, ஹெல்லஸ்பாண்ட் கடற்கரையில் பெருமேடு எழுப்பினர் என்றும் ஒடிசியின் இறுதிப் பகுதி கூறுகிறது.

நாயகனின் சாவைப் பாடாத இலியட் எங்கே முடிகிறது? பகைவனாகிய ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிகிறது. ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸ் அவனுடலைத் தேரில் கட்டிப் புழுதியில் இழுத்தான். நாள்தோறும் தோழனின் கல்லறையைச் சுற்றி இழுத்தான். அடக்கம் செய்ய மறுத்தான். அத்தெய்வங்களும் அருவருத்த செயல் அது. அப்போது ஹெக்டரின் தந்தை, முதுமை எய்திய மன்னர் பிரையம், இரவில் பகைவன் கூடாரத்துள் நுழைகிறார். தம் மக்களைக் கொன்ற கைகளைப் பற்றி முத்தமிடுகிறார். உன் தந்தையை நினைத்துப் பார், அவரும் என்னைப் போன்ற முதியவரே என்கிறார்.

அக்கிலிஸ் அழுகிறான். தன் தந்தை தன்னை மீண்டும் காணப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். நாளை தன் உடலும் இப்படிக் கிடக்கும், தன் தந்தையும் இப்படி அழுவார் என்று அவன் காண்கிறான். இருவரும் சேர்ந்து அழுகின்றனர். பிறகு அவன் ஹெக்டரின் உடலைக் கழுவி எண்ணெய் பூசச் செய்து, தானே தூக்கிப் பாடையில் வைக்கிறான். முதியவரை உண்ணச் செய்கிறான். ஈமச்சடங்கிற்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு அத்தனை நாளும் போரை நிறுத்தி வைப்பதாக வாக்களிக்கிறான்.

அக்கிலிஸின் சாவு உண்மையில் பொருள் பெறும் இடம் இதுவே. லைகயானிடம் வெறும் செய்தியாக இருந்த சாவு, பிரையத்தின் முன் இரக்கமாகக் கனிகிறது. தானும் சாகப் போகிறவன் என்ற அறிவு, பிறர் துயரை உணரும் அறிவாக மாறும்போதே அது மெய்யறிவாகிறது. துளைபடாத உடம்பு உடையவனுக்கு இவ்வறிவு வாய்க்குமோ?

பிளேட்டோ நீக்க விரும்பிய பேச்சு

இறந்த பின்னும் அக்கிலிஸை ஹோமர் பேச வைத்துள்ளார். ஒடிசியின் 11ஆம் பகுதியில் இறந்தோர் உலகுக்குச் செல்லும் ஒடிசியஸ், வாழ்ந்தபோது தெய்வம் போல் மதிக்கப்பட்ட நீ இங்கும் தலைவனாய் விளங்குகிறாய், வருந்தாதே என்று அவனைத் தேற்றுகிறான். அக்கிலிஸ் அத்தேறுதலை ஏற்கவில்லை. இறந்தோர்க்கெல்லாம் அரசனாய் இருப்பதைவிட, மண்ணுலகில் நிலமற்ற ஓர் ஏழையிடம் கூலியாளாய் உழைப்பதே மேல் என்னும் பொருள்பட விடையிறுக்கிறான். புகழுக்காக நெடுவாழ்வை விட்டவனின் வாக்கு இது!

பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில், இப்பேச்சு இளைஞரிடம் சாவச்சத்தை வளர்க்கும்; நாட்டைக் காக்கும் வீரர் இதைக் கேட்கலாகாது; ஆதலின் நீக்கிவிட வேண்டும் என்று சாக்ரடீஸ் வாயிலாக உரைக்கிறார். அவரே மற்றொரு நூலில், நீதிமன்றத்தில் நின்ற சாக்ரடீஸ், சாவைப் பொருட்படுத்தாது தோழனுக்காகப் பழிதீர்த்த அக்கிலிஸைத் தமக்கு முன்மாதிரியாகக் காட்டியதாக எழுதுகிறார். சாவை ஏற்ற அக்கிலிஸ் வேண்டும். சாவுக்கு வருந்திய அக்கிலிஸ் வேண்டா என்பது பிளேட்டோவின் நிலை.

அப்பேரறிஞரோடு இவ்விடத்தில் நாம் உடன்படுவதற்கில்லை. அரசுகளும் படைத்தலைவரும் எக்காலத்தும் விரும்புவது பாதி அக்கிலிஸையே. உயிரின் விலையை இளைஞனிடம் மறைத்துவிட்டு அவனிடம் உயிரைக் கேட்பது அறமாகாது. விலையை அறிந்து கொடுப்பவனே ஈகையாளன். அறியாது கொடுப்பவன் ஏமாற்றப்பட்டவன். ஹோமர் நடுநிலை பிறழாதவர். வாழ்வின் அருமை பேசிய அதே அக்கிலிஸ், தன் மகன் போரில் சிறந்து விளங்கினான் எனக் கேட்டு மகிழ்ந்து நடந்து போனதையும் அவர் பாடியுள்ளார். இரண்டும் மனித இயல்பே.

பாதியைக் கற்றதன் விளைவு

பாதி அக்கிலிஸைக் கற்றால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு சான்று. கி.மு. 334இல் அலெக்சாந்தர் டிராய் சென்று அக்கிலிஸின் கல்லறைக்கு மாலை சூட்டினார். தன் புகழைப் பாட ஹோமரைப் பெற்ற அவன் பேறு பெற்றவன் என்றார். இரண்டு ஆண்டுகளின் பின் காஸா நகரை வென்றபோது, அதன் காவலன் பெட்டிஸைத் தேரில் கட்டி இழுத்து அக்கிலிஸைப் போலச் செய்ததாகப் பெருமை கொண்டார் என்று உரோம வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். இச்செய்தியை ஐயுறுவாரும் உளர். மெய்யாயின், அவர் 22ஆம் பகுதியைக் கற்று 24ஆம் பகுதியை மறந்தவர் ஆவார்.

கான்ஸ்டான்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது 1462இல் அதே இடத்திற்கு வந்து, அக்கிலிஸ் முதலிய வீரரின் கல்லறைகளைப் பற்றிக் கேட்டறிந்தார். ஹோமர் போன்ற கவிஞர் பாடப் பெற்றமைக்காக அவர்களை வாழ்த்தினார் என்று கிரிட்டோபுலஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். 1904இல் சுலைமான் அல்-புஸ்தானி இலியட் முழுவதையும் அரபுச் செய்யுளில் பெயர்த்துக் கெய்ரோவில் வெளியிட்டார். ஒரு மொழியினர் தம் வீரன் மேல் பாடிய பாட்டு, எத்தனை மொழியினர்க்குப் பொதுச் செல்வமாயிற்று! பகைவர் தந்தையின் கண்ணீரையும் அப்பாட்டு சுமந்து வந்ததே அதற்குக் காரணம் என்பது எம் துணிபு.

நம் இலக்கியத்தோடு ஒப்பு

தமிழ் மாணவர்க்கு இவ்வொப்பீடு புதிதன்று. பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சன் வழிகாட்டலில் நிகழ்த்திய ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட நூல் அது. விழுப்புண்ணைப் போற்றும் புறநானூறே, தலைவனை இழந்தோர் அழுகையைக் கையறுநிலை என்னும் துறையாக வகுத்துப் போற்றி வைத்துள்ளது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் நீத்ததையும் அது காட்டுகிறது. அவனை இழந்த ஊர் பொலிவிழந்ததையும் காட்டுகிறது. வீரத்தைப் பாடிய நாவே இழப்பையும் பாடிற்று. ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால் இதனை நினைவூட்டுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. அக்கிலிஸைக் கற்பிக்கும்போது குதிகால் கதையைக் கூறுங்கள். அது பிற்காலத்துக் கதை என்பதையும் கூறுங்கள். அதனோடு நின்றுவிடாமல் பிரையம் நுழைந்த கூடாரத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே! உயிரைத் துச்சமென எண்ணுமாறு உங்களை எவரேனும் அழைத்தால், இறந்தோர் உலகில் அக்கிலிஸ் சொன்னதை ஒருமுறை நினைத்துக் கொள்ளுங்கள். பகைவன் என்று ஒருவனை வெறுக்கத் தோன்றினால், அவன் தந்தையை நினைத்துக் கொள்ளுங்கள்.

அக்கிலிஸ் மாண்டது குதிகாலால் அன்று, மனிதனாய்ப் பிறந்தமையால். அதனை அறிந்து அவன் பகைவனுக்காகவும் ஓர் இரவு அழுதான். ஏறத்தாழ 2,700 ஆண்டுகளின் பின்னும் அவன் நினைக்கப்படுவதற்கு அவ்வோர் இரவு போதும்.